ஒலி வளையத்தின் பொருத்துவாய்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

ஒலி தோன்றியவாறே மறையும் இயல்பினது. எழுத்து, வரிவடிவாய் நின்று காலத்தைக் கடக்கின்றது. ஒலியோ செவிக்குப் புலனாகும் அந்நொடியிலேயே இறந்துபடுகின்றது. இறந்துபடும் ஒலியைப் பற்றி நிறுத்தி மீண்டும் ஒலிக்கச் செய்யும் ஆற்றல், எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியை அமைத்த பின்னரே மக்களினத்திற்கு வாய்த்தது. பதிந்த ஒலியை மீண்டும் கேட்டல் ஒன்று. பதிந்த ஒலியின் ஒரு கூற்றை மட்டும் எடுத்து, அதன் ஈற்றையும் முதலையும் இணைத்து, இணைந்த இடம் செவிக்குத் தோன்றாதவாறு ஓயாது சுழல விடுதல் மற்றொன்று. பின்னதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இன்று கணிப்பொறியில் இசை செய்வோர் பலர் நிரலை வரிவரியாக எழுதுவதில்லை. திரையிற் சிறு பெட்டிகளை இட்டு, அவற்றைக் கோடுகளால் இணைத்து, வரைபடம் ஒன்றையே நிரலாக ஆக்குகின்றனர். இத்தகைய படவழி நிரற்சூழலுள் நுழையும் மாணாக்கன் முதலில் எதிர்ப்படும் இடர்களுள் ஒன்று, ஒலித்துண்டு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 'டிக்' என ஒலிப்பது. அவ்வொலியை நீக்கும் வழியை ஆசிரியர் சொல்லிக்கொடுக்க, அவனும் நீக்கிவிடுகின்றான். அந்த 'டிக்' என்ற ஓசைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அதனை நீக்குவதா நிறுத்துவதா என்பது இசையுலகில் ஒரு கொள்கை வினாவாக நின்றது என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

பொருத்தற்ற ஒலி வளையம், 1980களின் ஒலி மாதிரிக் கருவிகளில் நினைவகம் அருகியிருந்தமையாற் பிறந்த சிக்கனமுறை என்று கூறுவாரும் உளர். அக்கருத்து முழுதும் பொய்யன்று, முழுதும் மெய்யுமன்று. அஃது ஒரு கிளையை வேரெனக் கொண்ட கருத்து என்பதை நிறுவுவதும், பொருத்தை மறைக்கும் கலை எவ்வாறு பொருத்தைக் காட்டும் கடமையையும் உடன் கொணர்ந்தது என்பதை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

ஆராய்ச்சிக்கு முன்னர்ச் சொற்களை வரையறுத்துக் கோடல் வேண்டும். பதிந்த ஒலியின் ஒரு துண்டு மீண்டும் மீண்டும் ஒலிக்குமாறு அமைந்திருப்பதனை 'ஒலி வளையம்' என்று குறிக்கின்றோம். ஈறும் முதலும் கூடும் இடம் 'பொருத்துவாய்'. ஒலியலையின் உயரத்தைச் சீரான இடைவெளிகளில் அளந்து பெற்ற எண் ஒவ்வொன்றும் 'மாதிரி'. குறுந்தட்டுகளில் நொடிக்கு 44,100 மாதிரிகள் பதியப்பெறுகின்றன. இக்கட்டுரையின் கணக்குகள் அவ்வளவையே அடிப்படையாகக் கொண்டவை.

மீண்டும் ஒலித்தல், முடிந்து தொடங்கும் முறையினும் அமையலாம். முடிவே தொடக்கமாகும் முறையினும் அமையலாம். இவ்விரண்டையும் 'திரும்ப வருதல்' என்னும் ஒரே சொல்லால் வழங்குவது பொருள்மயக்கம் தரும். நம் யாப்பிலக்கண உரைகள் இத்தகையதொரு வேறுபாட்டினை நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்துள்ளன. அந்தாதித் தொடையைச் செந்நடை என்றும் மண்டலம் என்றும் அவை பகுத்தன. ஓரடியின் ஈற்றில் நின்ற எழுத்தோ, அசையோ, சீரோ, அடியோ அடுத்ததன் முதலாக வருதல் அந்தாதி. இறுதி அடியின் ஈறு முதலடியின் முதலோடு சென்று கூடினால் மண்டலம். கூடாது நேரே சென்று நின்றால் செந்நடை. இம்முறை செய்யுளளவில் விரிந்தபோது, அபிராமி அந்தாதியிற் போல, நூறாஞ் செய்யுளின் ஈறு முதற்செய்யுளின் முதலை எட்டி நூல் முழுதும் ஒரு வளையமாயிற்று. இதனை 'மண்டலித்தல்' என்பர்.

ஆதலின், முடிவு தொடக்கத்தோடு இயைந்து பொருத்துத் தோன்றாது சுழலும் ஒலியை 'மண்டலித்த ஒலி' என்று வழங்கலாம் என்பது எம் கருத்து. எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. அந்தாதியிற் பொருத்துவாய் வெளிப்படையானது. கேட்போன் அதனை உணர்ந்து மகிழ்கின்றான். ஒலி வளையத்திலோ பொருத்துவாயை உணராமையே நோக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அமைப்பு ஒன்று, நோக்கம் எதிர்மறை. இவ்வேறுபாடு கட்டுரையின் இறுதியில் நமக்குப் பயன்படும்.

இசைத்தட்டின் மூடிய வரி

இசைத்தட்டின் வரி, விளிம்பிலிருந்து நடு நோக்கிச் சுருண்டு செல்லும் சுருள். வெட்டும் ஊசி நடு நோக்கி நகராது ஒரே இடத்தில் நின்றால், சுருள் வட்டமாகின்றது. வரி தன்னுள் தானே மூடிக்கொள்கின்றது. அவ்வரியிற் செல்லும் ஊசி, தட்டு ஒருமுறை சுழலும் காலத்து ஒலியை ஓயாது மீட்டிக்கொண்டிருக்கும். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டில் ஒரு சுற்றின் காலம் 60-ஐ 78-ஆல் வகுத்துப் பெறுவது. அஃதாவது ஏறத்தாழ 0.77 நொடி.

இம்மூடிய வரியை இசையாக்கத்திற்குரிய கருவியாக உயர்த்தியவர் பிரெஞ்சு வானொலியிற் பணியாற்றிய பொறியாளர் பியேர் ஷேஃபர் ஆவர். 1948ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இவருடைய 'ஓசைகள் பற்றிய ஐந்து பயிற்சிகள்' வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அவற்றுள் ஒன்று, பாரிஸ் நகரத்துப் பத்திஞோல் இருப்புப்பாதை நிலையத்திற் பதிந்த தொடர்வண்டி ஓசைகளைக் கொண்டு அமைந்தது.

ஷேஃபர் கண்ட உண்மைகள் இரண்டு. வண்டியின் ஓசையை ஒருமுறை கேட்பவன் வண்டியை நினைக்கின்றான். அவ்வோசையே மூடிய வரியிற் பலமுறை சுழலுமாயின், வண்டி நினைவிலிருந்து அகன்று, ஓசையின் நிறமும் அசைவும் எழுச்சியும் மட்டும் செவியில் நிற்கின்றன. இஃதொன்று. மணியோசையின் தொடக்க அடியை வெட்டி நீக்கிவிட்டு எஞ்சிய பகுதியை மட்டும் கேட்டால், அது மணியென்றே அறியப்படுவதில்லை. ஊதுகருவி ஒன்றன் ஒலியை ஒத்துத் தோன்றுகின்றது. இஃது இரண்டாவது. ஒலியின் அடையாளம் பெரும்பாலும் அதன் தொடக்கத்தில் உறைகின்றது என்பது இதனாற் பெறப்படும். தொடக்கம் இழந்த ஒலி, பெயரிழந்த ஒலி. 1966இல் வெளிவந்த பெருநூலில் ஷேஃபர் விரித்துரைத்த 'ஒலிப்பொருள்' என்னும் கொள்கைக்கு இவ்விரு பட்டறிவுகளும் அடித்தளமாயின.

மூடிய வரியிற் பொருத்துவாய் மறைவதில்லை. வெட்டத் தொடங்கிய இடத்து அலையும் வெட்டி முடிந்த இடத்து அலையும் ஒத்திருக்குமாறு செய்யும் வழி அக்காலத்தில் இல்லை. ஆதலின் சுற்றுதோறும் ஒரு முறிவு கேட்கும். அம்முறிவே தாளமாகவும் அமைந்துவிடும். முதற்கட்டத்தில் பொருத்துவாய் இசையின் உறுப்பாகவே நின்றது என்பது கருதத்தக்கது.

காந்த நாடாவும் சாய்வெட்டும்

1951ஆம் ஆண்டளவில் ஷேஃபரின் கூடத்திற்குக் காந்த நாடாக் கருவிகள் வந்து சேர்ந்தன. அவ்வாண்டிலேயே பியேர் ஆன்றி, ஷாக் புல்லன் ஆகியோருடன் சேர்ந்து அவர் ஆராய்ச்சிக் குழுவொன்றையும் நிறுவினார். புல்லன் அமைத்த 'ஃபோனொழென்' என்னும் கருவி, வளையமாக ஒட்டிய நாடாவினைப் பன்னிரு விசைகளால் பன்னிரு வேறு விரைவுகளில் ஓட்டி, ஒரே ஒலியைப் பன்னிரு சுரங்களில் ஒலிக்கச் செய்தது. வளையத்தின் நீளம் இனித் தட்டின் சுழற்சிக்கு அடிமையன்று. கலைஞன் வேண்டிய அளவினதாயிற்று.

நாடாவை இணைக்கும் கைவினையில் ஒரு நுட்பம் உண்டு. நாடாவைக் குறுக்கே நேராக வெட்டி ஒட்டினால், ஓர் ஒலி திடீரென அற்று மற்றோர் ஒலி திடீரெனத் தோன்றும். 'டிக்' என்னும் ஓசை பிறக்கும். ஆதலின் 45 பாகைச் சாய்வில் வெட்டுதல் வழக்கமாயிற்று. நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர். 45 பாகைச் சாய்வில் வெட்டிய விளிம்பு நாடாவின் நீளவாட்டிலும் அதே 6.35 மில்லிமீட்டர் பரந்திருக்கும். நொடிக்கு 38.1 சென்டிமீட்டர் விரைவில் ஓடும் நாடாவில், அகலம் முழுவதையும் படிக்கும் தலையை அச்சாய்வு கடந்து செல்ல நொடியின் அறுபதில் ஒரு பங்கு ஆகும். அச்சிறு காலத்துள் பழைய ஒலி படிப்படியாகத் தேய, புதிய ஒலி படிப்படியாக வளர்கின்றது. இன்று கணிப்பொறியிற் செய்யப்பெறும் 'தேய்ந்து வளரும் கலப்பு' என்னும் முறையின் முதல் வடிவம் இச்சாய்வெட்டே என்க. கத்தியின் கோணத்தில் இருந்த அறிவு பின்னர்க் கணக்கின் வாய்பாடாயிற்று.

நாடா வளையத்தின் வரலாற்றில் அமெரிக்க இசைஞர் ஸ்டீவ் ரைக் செய்த பணி தனித்துக் கூறத்தக்கது. சான் ஃபிரான்சிஸ்கோ நகரத் திறந்தவெளியில் 1964இல் பதிந்த சமயப் பேச்சொன்றின் சிறு துண்டினை இரு வளையங்களாக ஆக்கி, இரு கருவிகளில் ஒருங்கே ஓட்டினார். இரு கருவிகளின் விரைவும் இம்மியளவு வேறுபட்டமையால், ஒன்று மற்றொன்றை விட்டு மெல்ல விலகிச் சென்றது. அவ்விலகலையே அமைப்பாகக் கொண்டு 1965இல் ஒரு படைப்பினை ஆக்கினார். அடுத்த ஆண்டில் இலண்டனிற் பீட்டில்சு குழுவினர் தம் பாட்டொன்றில் நாடா வளையங்கள் பலவற்றை ஒருங்கே ஓடவிட்டுக் கலந்தனர். ஆராய்ச்சிக் கூடத்து முறை பொதுமக்கள் செவிக்கு எட்டியதற்கு இஃது எடுத்துக்காட்டு.

வளையாத நாடா

ஈண்டு ஓர் எதிர்ச்சான்றும் நோக்கற்பாலது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1963 முதல் செய்யப்பெற்ற 'மெல்லோட்ரான்' என்னும் விசைக்கருவியில், ஒவ்வொரு விசைக்கும் ஒவ்வொரு நாடாத் துண்டு உண்டு. விசையை அழுத்தினால் அத்துண்டில் பதிந்த குழல், வயலின் முதலியவற்றின் ஒலி கேட்கும். ஏறத்தாழ எட்டு நொடியில் துண்டு முடிந்துவிடும். விசையை விட்டதும் தொடக்கத்திற்கு மீளும்.

நாடாவை வளையமாக்கியிருந்தால் ஒலி முடிவின்றி நீண்டிருக்குமே எனலாம். ஆயின் வளையத்திற்குத் தொடக்கம் இல்லை. சுழன்றுகொண்டிருக்கும் வளையத்தில், விசையை அழுத்தும் கணத்தில் எவ்விடம் வாய்க்கும் என்பது உறுதியன்று. நரம்பை வில் தொடும் முதல் உராய்வும், குழலில் மூச்சுப் புகும் முதற்கணமும் கிட்டாமற் போகும். மணியோசையில் ஷேஃபர் கண்ட உண்மையே இங்கும் வந்து நிற்கின்றது. தொடக்கமும் வேண்டும், முடிவின்மையும் வேண்டும் என்னும் இரு வேட்கைகளை நாடா ஒருங்கே நிறைவேற்ற இயலவில்லை. அதனை நிறைவேற்றியது எண்ணே.

எண்ணட்டவணை

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் 1957ஆம் ஆண்டில் கணிப்பொறியை இசை ஒலிக்கச் செய்தார். அவர் தொடர்ந்து எழுதிய நிரல் வரிசையில், 1960ஆம் ஆண்டினதாகிய மூன்றாம் நிரலில், சிறு சிறு ஒலிப்பு அலகுகளை ஒன்றோடொன்று இணைத்துக் கருவி ஒன்றை உருவாக்கும் முறை தோன்றியது. அவ்வலகுகளுள் தலையாயது அலையெழுப்பி. ஓர் அலையின் ஒரே ஒரு சுற்று, சான்றாக 512 எண்கள், ஓர் அட்டவணையில் வைக்கப்பெறும். நிரல் அவ்வட்டவணையை முதலிலிருந்து ஈறுவரை படித்து, ஈற்றினை அடைந்ததும் மீண்டும் முதலுக்குச் செல்லும். விரைந்து படித்தால் உயர்ந்த சுரம். மெல்லப் படித்தால் தாழ்ந்த சுரம்.

இஃது ஒலி வளையமே என்பதை எளிதில் உணரலாம். ஆயினும் இதில் 'டிக்' என்னும் ஓசை இல்லை. ஏனெனில் அட்டவணையில் இருப்பது அலையின் ஒரு முழுச்சுற்று. அதன் ஈறு இயல்பாகவே முதலோடு இயைகின்றது. செவிக்குத் தோன்றாப் பொருத்து கணிப்பொறி இசையிற் பிற்காலத்துப் புகுந்த ஒன்றன்று. அஃது அவ்விசையின் முதற்செங்கல். நினைவகச் சிக்கனத்தாற் பிறந்தது என்னும் கருத்தை யாம் மறுத்தற்கு இதுவே தலையாய காரணம். 1980களுக்கு இருபது ஆண்டுகள் முன்னரே மண்டலித்த ஒலி நிலைபெற்றிருந்தது.

நினைவகப் பஞ்சம்

பதிந்த இயற்கையொலியை எண்ணாக வைக்கும் கருவிகள் வந்தபோது இடர் வேறு வடிவெடுத்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி ஆகிய இருவரும் அமைத்து 1979இல் வெளியிட்ட 'ஃபேர்லைட்' கருவியில், ஒவ்வொரு குரலுக்கும் 16 கிலோபைட்டு நினைவகமே இருந்தது. மாதிரி ஒன்றுக்கு ஒரு பைட்டு என்னும் அளவில், நொடிக்கு 16,000 மாதிரிகள் எடுத்தால் அந்நினைவகம் ஒரு நொடிக்குச் சற்று மேல் தாங்கும், அவ்வளவே. நீண்ட சுரத்தை அதனுள் அடக்குதல் இயலாது. 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த 'எமுலேட்டர்' முதலிய கருவிகளிலும் இந்நெருக்கடி இருந்தது.

இதற்குக் கண்ட தீர்வு நயமானது. ஒலியின் தொடக்கம் ஒருமுறை மட்டும் அப்படியே ஒலிக்கும். அதன்பின் நிலைத்து நிற்கும் பகுதியிலிருந்து எடுத்த சிறு வளையம், விசை அழுத்தப்பட்டிருக்கும்வரை சுழலும். மெல்லோட்ரானால் இயலாத இரண்டும் இங்கு ஒருங்கே கைகூடின. ஒலியின் அடையாளம் தொடக்கத்தில் உறைகின்றது என்னும் ஷேஃபரின் கண்டுபிடிப்பும், சுற்று இயைந்தால் முறிவில்லை என்னும் மாத்யூஸின் அட்டவணை நெறியும் ஈண்டு ஒன்றுகூடின எனலாம். நினைவகப் பஞ்சம் இம்முறையைப் பரப்பியது, படைத்தது அன்று. நினைவகம் பெருகிய இக்காலத்தும் இம்முறை வழக்கொழியாது நிற்றல் இதற்குச் சான்று.

பெட்டியும் கோடும்

பாரிசில் உள்ள இர்க்காம் என்னும் இசை ஆய்வு நிறுவனத்தில், 1980களின் இடைப்பகுதியில் மில்லர் பக்கெட் என்பவர் படவழி நிரற்சூழல் ஒன்றனை வகுக்கலானார். மாத்யூஸின் நினைவாக அதற்கு 'மாக்ஸ்' எனப் பெயரிட்டார். ஃபிலிப் மனூரி என்னும் இசைஞர் 1988இற் படைத்த 'புளூட்டோன்' அச்சூழலைக் கொண்டு அமைந்தது. 1990இல் டேவிட் சிக்கரெல்லியின் முயற்சியோடு மாக்ஸ் விற்பனைக்கு வந்தது. பின்னர்ப் பக்கெட் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திற்குச் சென்று, 1996இல் 'பியூர் டேட்டா' என்னும் கட்டற்ற நிரற்சூழலை வெளியிட்டார். 1997இல் மாக்ஸும் ஒலியலைகளை நேரே கையாளும் உறுப்பினைப் பெற்றது.

இச்சூழல்களில் ஒலி வளையம் எவ்வாறு அமைகின்றது என்பதைப் பியூர் டேட்டாவின் வழி காண்போம். ஒலித்துண்டு ஓர் அட்டவணையில் வைக்கப்பெறும். 'ஃபேசர்' என்னும் பெட்டி, 0 முதல் 1 வரை சீராக ஏறி, மீண்டும் 0-இல் விழுந்து ஏறும் ஓர் ஏணியலையைத் தரும். அதனைத் துண்டின் நீளத்தாற் பெருக்கி, அட்டவணையைப் படிக்கும் பெட்டிக்கு அனுப்பினால் வளையம் அமைந்துவிடும். இரு நொடித் துண்டில் 88,200 மாதிரிகள். ஏணியலை நொடிக்கு அரைச் சுற்று ஏறினால் துண்டு பதிந்த சுரத்திலேயே ஒலிக்கும்.

படிக்கும் பெட்டியில் ஒரு நுட்பம் உண்டு. படிக்க வேண்டிய இடம் இரு மாதிரிகளுக்கு இடையே வீழ்ந்தால், அருகில் உள்ள நான்கு மாதிரிகளைக் கொண்டு இடைமதிப்பு கணிக்கப்பெறும். முன்னே ஒன்றும் பின்னே இரண்டும் மிகையாகத் தேவை. வளையத்தின் ஓரங்களில் அம்மிகை மாதிரிகளுக்கு எங்கே செல்வது? அட்டவணையின் முகப்பில் கடைசி மாதிரியின் படியொன்றும், இறுதியில் முதலிரு மாதிரிகளின் படிகளும் எழுதிவைக்கப்பெறுகின்றன. ஆக 512 மாதிரிகளுக்கு 515 இடங்கள். ஈற்றில் நின்றது முதலிலும், முதலில் நின்றது ஈற்றிலும் வருமாறு அமைந்த இவ்வமைப்பு மண்டல அந்தாதியின் அமைப்பேயாம். ஒருவரை ஒருவர் அறியாத இரு துறையினர், வளையம் இயைய வேண்டுமாயின் ஈறும் முதலும் ஒன்றையொன்று தம்முள் ஏற்க வேண்டும் என்னும் ஒரே முடிவிற்கு வந்துள்ளனர்.

பொருத்தை மறைக்கும் நெறிகள்

இயற்கையொலியின் துண்டு தானாக மண்டலிப்பதில்லை. அதனை மண்டலிக்கச் செய்யும் நெறிகள் மூன்றாகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, வெட்டும் இடம் தேர்தல். அலை சுழிக்கோட்டைக் கடக்கும் இடங்களில் துண்டின் முதலையும் ஈற்றையும் வைத்தால் உயரம் ஒத்துவிடும். ஆயின் உயரம் மட்டும் ஒத்தல் போதாது. ஓரிடத்து அலை ஏறிக்கொண்டும் மற்றோரிடத்து இறங்கிக்கொண்டும் இருந்தால், கூடுமிடத்தில் ஒரு முனை தோன்றும். அம்முனையும் செவிக்குப் புலனாகும். உயரமும் சாய்வும் ஒருங்கே ஒத்தல் வேண்டும்.

இரண்டாவது, நீளம் இயைதல். நொடிக்கு 440 அதிர்வுடைய சுரத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 100.23 மாதிரிகள். ஒரு சுற்றினை 100 மாதிரியாக வெட்டிச் சுழற்றினால் சுரம் 441 அதிர்வாக உயர்ந்துவிடும். மூலச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கையில் நொடிக்கு ஒருமுறை அலைக்கழியும். அதே சுரத்தின் 22 சுற்றுகளோ மிகாது குறையாது 2,205 மாதிரிகளாகும். அந்நீளத்தில் வெட்டிய வளையம் சுரம் திரியாது நிற்கும்.

மூன்றாவது, தேய்ந்து வளரும் கலப்பு. ஒரே துண்டினைப் படிக்கும் இரு படிப்புகளை, ஒன்றற்கொன்று அரைச்சுற்று விலக்கி ஓட்டுவர். ஒவ்வொன்றன் வலிமையும் சுற்றின் ஓரங்களிற் சுழியாகவும் நடுவில் முழுமையாகவும் இருக்குமாறு ஒரு வளைவினால் அளக்கப்பெறும். ஒன்று ஈற்றிலிருந்து முதலுக்குத் தாவும் கணத்தில் அதன் வலிமை சுழி; ஆதலின் தாவல் கேட்பதில்லை. அப்போது மற்றொன்று முழு வலிமையில் ஒலிக்கின்றது. இங்கும் ஒரு தேர்வு உண்டு. கலக்கும் இரு பகுதிகளும் ஒத்த அலையுடையனவாயின் இரு வலிமைகளின் கூட்டல் எப்போதும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மழை, கடல் போலத் தம்முள் ஒவ்வாத ஓசைகளாயின், அவ்வாறு கூட்டினால் நடுவில் ஆற்றல் பாதியாகக் குறைந்து ஒரு பள்ளம் கேட்கும். ஆதலின் வலிமைகளின் வர்க்கங்களது கூட்டல் ஒன்றாக இருக்குமாறு அமைப்பர். நாடாவிற் கத்தியின் கோணம் ஒன்றே. ஈண்டு ஒலியின் இயல்பிற்கேற்பக் கோணம் மாறுகின்றது.

இவ்வளவும் செய்து மறைத்த பொருத்து, கோப்பு வடிவம் மாறும்போது மீண்டும் தலைகாட்டுதலும் உண்டு. எம்பி3 என்னும் சுருக்க வடிவம் ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாகவே கொள்ளும். 44,100 மாதிரியுள்ள ஒரு நொடி வளையத்திற்கு 39 சட்டங்கள் வேண்டும். அவற்றின் மொத்தம் 44,928. மிகையான 828 மாதிரிகள் வெற்றிடமாக நின்று, ஏறத்தாழ 19 மில்லிநொடி இடைவெளியைச் சுற்றுதோறும் புகுத்துகின்றன. கருவி மாறும்தோறும் பொருத்துவாய் புதிதாகப் பிறக்கின்றது.

மறைத்தலும் மறையாமையும்

இனி, பொருத்து மறைதல் நன்றோ என்னும் வினா எஞ்சுகின்றது. ரைக் 1966இற் படைத்த 'கம் அவுட்' என்னும் படைப்பு இவ்வினாவிற்கு உரைகல்லாகும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1964இற் கைது செய்யப்பெற்ற கறுப்பின இளைஞர் அறுவருள் ஒருவரான டேனியல் ஹாம், காவலில் தாம் அடிக்கப்பட்டமையைக் கூறிய பதிவினின்று அஃது எழுந்தது. அவ்வறுவர்க்கும் மறுவிசாரணை வேண்டி நடந்த நிகழ்ச்சிக்கென அது செய்யப்பெற்றது. முழுத்தொடர் மும்முறை கேட்கும். பின்னர் அதன் ஈற்றுச் சொற்கள் ஐந்து மட்டும் வளையமாகி, இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்து, ஏறத்தாழ 13 நிமிட முடிவில் சொல்லென்றே அறியவொண்ணா ஓசையாகின்றன.

தொடர்வண்டியின் ஓசை வண்டியை மறக்கச் செய்தால் இழப்பொன்றுமில்லை. துன்புற்ற ஒருவன் கூற்று அவனையே மறக்கச் செய்யுமாயின் அதனை யாதென்பது? இப்படைப்பு அவ்விடரினின்று தப்புதற்குக் காரணம், முழுத்தொடரை முதலில் வைத்தமையே என்பது எம் துணிபு. எங்கிருந்து வெட்டப்பட்டது என்பதைக் கேட்போன் அறிந்த பின்னரே வளையம் தொடங்குகின்றது. முழுமையைக் காட்டாது வளையத்தை மட்டும் தந்திருப்பின், கூற்று கூறியவனிடமிருந்து பறிக்கப்பட்டதாகும்.

மற்றொரு சான்று, வில்லியம் பசின்ஸ்கி என்பவருடையது. 1980களில் தாம் செய்த நாடா வளையங்களை 2001இல் எண்வடிவிற்கு மாற்ற முற்பட்டபோது, சுற்றுதோறும் நாடாவின் காந்தப்பூச்சு உதிர்வதை அவர் கண்டார். உதிர உதிர இசையும் இற்றது. அவ்வழிவையே அவர் பதிந்து படைப்பாக்கினார். எண்வளையம் கோடிமுறை சுழன்றாலும் தேய்வதில்லை; ஆதலின் காலம் கழிந்தமைக்கு அதனகத்தே சான்று இல்லை. பொருத்தும் மறைந்து, தேய்வும் இல்லையாயின், கேட்பவன் ஒரு நொடி ஒலியை ஒரு நாழிகை ஒலியென நம்புவான். இசையில் இஃது இன்பம். சான்றில் இது பிழை. வட்டாரப் பேச்சையும் வாய்மொழிப் பாடலையும் ஒலிப்பதிவின் வழி ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது. நீட்டப்பெற்ற உயிரொலி பாடியவன் நீட்டியதா, வளையம் நீட்டியதா என்பது செவியால் தெரியாதபோது, பதிவோடு வரும் குறிப்பே வழக்கறுக்கும்.

ஈண்டுத்தான் படவழி நிரலின் சிறப்பு வெளிப்படுகின்றது. நாடாவை வெட்டிய கைவினைஞன் தன் வெட்டினை எழுதிவைத்திலன். படவழி நிரலிலோ எவ்விடத்தில் வெட்டப்பட்டது, எவ்வளவு கலக்கப்பட்டது, எவ்வளைவு கையாளப்பட்டது என்பன அனைத்தும் பெட்டியும் கோடுமாய்த் திரையில் நிற்கின்றன. பியூர் டேட்டாவின் கோப்பு எவரும் திறந்து படிக்கத்தக்க வெற்றெழுத்து ஆவணம். பழைய பொறிகள் வழக்கொழிந்த பின்னர், மனூரியின் படைப்புகள் உள்ளிட்ட சிலவற்றைப் பக்கெட் பியூர் டேட்டாவில் மீண்டும் அமைத்துக் காத்தமைக்கும் இத்தன்மை துணையாயிற்று. செவிக்கு மறைந்த பொருத்து, கண்ணுக்கு வெளிப்படையாகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு. பொருத்தற்ற ஒலி வளையம் நினைவகப் பஞ்சத்தால் மட்டும் பிறந்ததன்று. இசைத்தட்டின் மூடிய வரி, நாடாவின் சாய்வெட்டு, கணிப்பொறியின் அலையட்டவணை என்னும் மூன்று வேர்களை உடையது. பஞ்சம் அதற்கு நீர் பாய்ச்சியது. முதற்கட்டத்தில் பொருத்துக் கேட்டது, இரண்டாங்கட்டத்தில் மென்மையுற்றது, மூன்றாங்கட்டத்தில் மறைந்தது. மறைந்த அக்கட்டத்திலேயே, மறைத்த முறை படமாக எழுதப்பெற்றமையால், அதனை ஆராய்வதும் காத்தலும் இயல்வதாயின.

அந்தாதியிற் பொருத்தினைப் புலவன் காட்டுகின்றான். ஒலி வளையத்திற் கலைஞன் மறைக்கின்றான். மறைத்தல் கலைஞனின் உரிமை. மறைத்த இடத்தைக் குறித்துவைத்தல் அவன் கடமை. ஒலிப்பதிவைச் சான்றாகக் கையாளும் ஆராய்ச்சி மாணவர், பதிவோடு அதனை ஆக்கிய நிரலையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஏட்டுச்சுவடியில் சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுமாறுபோல, ஒலியில் ஒட்டிய இடத்தையும் குறித்துக் காட்டுதல் வேண்டும். அவ்வொழுங்கு நிலைபெறுமாயின், மண்டலித்த ஒலியால் இசையும் வளரும், மெய்ம்மையும் கெடாது.